அரிதான ஹைபிரிட் கார்: புதிதா, பழையதா?

பெட்ரோல் எஞ்சினும் பேட்டரியில் ஓடும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் காரில், அரிதான ஒரு மாடலை வாங்க நினைத்தால், முதலில் அது இன்னும் தயாராகிறதா என்று பாருங்கள். ஹோண்டா சிஆர்-இசட் போல 2010-இல் வந்து 2016-இல் நின்றுபோனது என்றால், பழையதைத்தான் தேட வேண்டும். இன்னும் தயாராகிறது, நீங்களும் பத்து ஆண்டு வைத்திருப்பீர்கள் என்றால், புதிதையே வாங்குங்கள். பல நிறுவனங்கள் பேட்டரிக்கு 8 ஆண்டு உத்தரவாதம் தருகின்றன. அந்த நிம்மதிக்கு விலை உண்டு.

நான் ஏழு வயதான வண்டியைப் பார்க்கப் போனபோது, வெளிப்பூச்சு பளபளத்தது. பின் இருக்கையின் ஓரத்தில் பேட்டரிக்குக் காற்று போகும் சல்லடையைக் கழற்றினேன். நாய்முடியும் தூசியும் கம்பளிபோல அடைத்திருந்தன. காற்று போகாத பேட்டரி சூட்டிலேயே கிடந்து சீக்கிரம் நலிந்துவிடும். அந்த வண்டியை விட்டுவிட்டேன், இன்றும் வருத்தமில்லை.

சல்லடை சுத்தமாக இருந்தாலும் ஏற்றம் உள்ள சாலையில் ஓட்டிப் பாருங்கள். சார்ஜ் அளவு மளமளவென்று இறங்கி, இறக்கத்தில் அதே வேகத்தில் நிறைந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது என்று பொருள். வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் கருவியை மாட்டி, பேட்டரிக்குள் இருக்கும் மின்கலத் தொகுதிகளின் வோல்டேஜை ஒப்பிடும்படி மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்து நின்றால் வேண்டாம்.

எஞ்சின் பாகங்கள் பெரும்பாலும் வேறு மாடல்களோடு பொதுவானவை, கிடைத்துவிடும். பின்விளக்கும் பம்பரும் அப்படியல்ல. வாங்கும் முன்பே அவற்றின் விலையையும் காத்திருக்க வேண்டிய நாட்களையும் விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள்.