வளர்ந்த பிறகு வந்த உணவு அலர்ஜி: முதலில் என்னென்ன செய்வது?

இத்தனை வருடமாக ஒன்றும் செய்யாத இறால் இப்போது மட்டும் எப்படி ஆகாமல் போகும்? டாக்டர் விளக்கிய பிறகும் மனசு இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கும். உணவு அலர்ஜி எந்த வயதிலும் புதிதாகத் தொடங்கலாம். பெரியவர்களுக்குப் புதிதாக வருவதில் இறால், நண்டு வகைகள் முன்வரிசையில் இருக்கின்றன. உடலின் எதிர்ப்பு மண்டலம் அந்த உணவின் புரதத்தை எதிரியாக நினைத்து ஐஜிஈ என்ற எதிர்ப்பொருளைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அதே புரதம் உள்ளே போனதும் ஹிஸ்டமின் போன்ற ரசாயனங்கள் கொட்டுகின்றன. தடிப்பு, வீக்கம், மூச்சுத் திணறல் எல்லாம் அதனால்தான்.

கண்டுபிடித்த புதிதில் சிலர் "கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது" என்று இருந்துவிடுகிறார்கள். சிலர் பயந்துபோய்ப் பாதி உணவை நிறுத்திவிடுகிறார்கள். ஆகாததை முழுசாக விட வேண்டும், மற்றதை நிம்மதியாகச் சாப்பிட வேண்டும். கீழே உள்ள படிகள் அதற்குத்தான்.

படி 1: எது ஆகாது என்பதைத் துல்லியமாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

"நட்ஸ் ஆகாது", "கடல் உணவு ஆகாது" என்று மொத்தமாகச் சொல்வது போதாது. வேர்க்கடலை பருப்புக் குடும்பத்தைச் சேர்ந்தது. முந்திரி, பாதாம் எல்லாம் மரக்கொட்டைகள். ஒன்று ஆகாதவருக்கு மற்றதும் கட்டாயம் ஆகாது என்று இல்லை. அதேபோல இறாலும் மீனும் வேறு வேறு. இறாலில் பெரும்பாலும் சிக்கல் தருவது டிரோப்போமயோசின் என்ற தசைப் புரதம். அது நண்டிலும் இருப்பதால் அவை இரண்டையும் சேர்த்து விடச் சொல்வார்கள், மீனை விடச் சொல்ல அது காரணம் ஆகாது. அயோடினுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இறால் அலர்ஜி உள்ளவர்கள் ஸ்கேனுக்குப் போடும் அயோடின் மருந்தைப் பார்த்துப் பயப்படுவது பழைய வதந்தி.

தோல் பரிசோதனையிலோ ரத்தப் பரிசோதனையிலோ பாசிட்டிவ் வந்தாலே அலர்ஜி என்று ஆகிவிடாது. சாப்பிட்டால் அறிகுறி வருகிறதா என்பதையும் சேர்த்துத்தான் முடிவு செய்வார்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் மருத்துவமனையில் கண்காணிப்போடு கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வைத்துப் பார்ப்பார்கள். அதை வீட்டில் நீங்களாகச் செய்து பார்க்காதீர்கள். இன்னொன்று, 'நூறு உணவுக்கு ஒரே டெஸ்ட்' என்று விற்கும் ஐஜிஜி பரிசோதனைகளுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். ஐஜிஜி என்பது ஐஜிஈ அல்ல, வேறு வகை எதிர்ப்பொருள். ஒரு உணவைச் சாப்பிட்டுப் பழகியவர் உடம்பில் ஐஜிஜி இருப்பது சாதாரணம். அந்தப் பட்டியலை நம்பினால் சாப்பிட ஒன்றும் மிஞ்சாது.

டாக்டரிடம் இவற்றையும் கேளுங்கள்: சமைத்தாலும் ஆகாதா? உடற்பயிற்சி, மது, ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரை ஆகியவை என் விஷயத்தில் அறிகுறியைக் கூட்டுமா? கடைசிக் கேள்வி முக்கியம். கோதுமை அலர்ஜி உள்ள சிலருக்கு வெறுமனே சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் ஓடினால் மட்டும் வரும்.

படி 2: அட்ரினலின் கையில் இருக்க வேண்டும், போடவும் தெரிந்திருக்க வேண்டும்

மற்ற படிகளை மெதுவாகச் செய்யலாம். இதைத் தள்ளிப்போடக் கூடாது. கடுமையான அலர்ஜியை அடக்க உடனே போடும் அவசர மருந்துதான் அட்ரினலின். உங்களுக்கு அந்த ஊசி எழுதிக் கொடுக்கவில்லை என்றால், ஏன் தேவையில்லை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்களே போட்டுக்கொள்ளும்படி பேனா வடிவில் வரும் ஊசிகளில், பெரியவர்களுக்கானதில் பெரும்பாலும் 0.3 மில்லிகிராம் இருக்கும். பேனா கிடைக்காத இடங்களில் மருந்தையும் சிரிஞ்சையும் தனியாகக் கொடுத்துப் பழக்குவதும் உண்டு.

எப்போது போடுவது? தொண்டை இறுகுவது, குரல் கம்முவது, மூச்சில் விசில் சத்தம், தலைசுற்றி மயக்கம் வருவது ஆகியவற்றில் ஒன்று வந்தாலே போடுங்கள். உடம்பெல்லாம் தடிப்போடு விடாமல் வாந்தி வந்தாலும் அப்படியே. சிலருக்குத் தோலில் ஒன்றுமே தெரியாது, ரத்த அழுத்தம்தான் இறங்கும். எனவே தடிப்பு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை அரிப்பைக் குறைக்கும், மூச்சுக்குழாயைக் காப்பாற்றாது. "முதலில் மாத்திரை போட்டுப் பார்ப்போம்" என்று கழியும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் ஆபத்து.

போடும் முறை:

- தொடையின் வெளிப்பக்கம், நடுவில். துணியின் மேலேயே போடலாம்; பாக்கெட்டில் சாவி, போன் இருக்கும் இடம் மட்டும் வேண்டாம்.
- அழுத்தி, பேனாவின் வகைக்கு ஏற்ப 3 முதல் 10 விநாடி பிடிக்க வேண்டும். உங்கள் பேனாவின் அட்டையில் எவ்வளவு என்று இருக்கும்.
- போட்டதும் படுத்துக் காலைத் தூக்கி வையுங்கள். மூச்சுத் திணறினால் உட்காரலாம். எழுந்து நடக்க வேண்டாம்.
- ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். 5 முதல் 15 நிமிடத்தில் குறையவில்லை என்றால் இரண்டாவது ஊசி. அதனால்தான் எப்போதும் இரண்டு வைத்திருக்கச் சொல்கிறார்கள்.

சரியாகிவிட்டது போல் இருந்தாலும் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். சில மணி நேரம் கழித்து அறிகுறிகள் திரும்ப வருவது உண்டு.

ஊசியை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், வெயிலில் நிற்கும் காரிலும் விடாதீர்கள். காலாவதித் தேதியை இப்போதே போனில் அலாரமாகப் போட்டுவிடுங்கள். ஊசி இல்லாத பயிற்சிப் பேனா கிடைத்தால் உங்களோடு இருப்பவரையும் போட்டுப் பழகச் சொல்லுங்கள். மயக்கம் வந்தால் அவர்தானே போட வேண்டும்.

படி 3: சமையலறை

ஒரே நாளில் முடியும் வேலை. அலமாரியில் உள்ள ஒவ்வொரு பாக்கெட்டையும் எடுத்துப் படித்து, ஆகாததை அகற்றுங்கள். வீட்டில் மற்றவர்கள் அதைச் சாப்பிடுவார்கள் என்றால் தனி டப்பா, தனிக் கரண்டி, தனிப் பலகை. முதலில் உங்களுக்குச் சமைத்துவிட்டு அப்புறம் அவர்களுக்குச் சமைப்பது இன்னும் சுலபம். ஒரே எண்ணெயில் பொரிப்பது கூடாது, சூடு அந்தப் புரதத்தை முழுசாக அழிப்பதில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சானிடைசர் கிருமியைக் கொல்லும், வேர்க்கடலைப் புரதத்தை அகற்றாது.

படி 4: லேபிள்

பால் என்று போடாமல் கேசின், வே என்று இருக்கலாம். அல்புமின் பெரும்பாலும் முட்டை. தஹினி என்றால் எள். செமோலினா, டியூரம் இரண்டும் கோதுமை. உங்கள் பொருளுக்கு என்னென்ன மறுபெயர்கள் என்று சின்னப் பட்டியலாகப் போனில் வைத்துக்கொண்டால் போதும், மற்றவற்றை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

கட்டாயம் குறிப்பிட வேண்டிய பட்டியல் நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 வகை. அமெரிக்காவில் 9, அதிலும் எள் சேர்ந்தது 2023இல்தான். அதனால் இறக்குமதிப் பொருள் வாங்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். "இதில் ... இருக்கலாம்" என்ற வாசகம் பல நாடுகளில் கட்டாயம் இல்லை. அது இல்லாததால் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது. பழகிய பொருளையும் வாங்கும் ஒவ்வொரு முறையும் படியுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் கலவையை மாற்றுவார்கள்.

படி 5: வெளியே சாப்பிடும்போது

ஹோட்டலில் "இதில் வேர்க்கடலை இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் "இல்லை சார்" என்று உடனே பதில் வரும். "எனக்கு வேர்க்கடலை அலர்ஜி, சாப்பிட்டால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். எந்த எண்ணெய், எந்தச் சட்டி என்று சமைப்பவரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடலாம், அதில் வெட்கம் எதுவும் இல்லை. பஃபேயில் கரண்டிகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். நான் அந்தப் பக்கமே போவதில்லை.

உறவினர் வீட்டில்தான் கஷ்டம். "ஒரு வாய்தானே" என்பவரிடம் ஐஜிஈ பற்றிப் பாடம் நடத்த வேண்டாம். ஊசியைக் காட்டி, எப்போது போட வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். வற்புறுத்தல் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

படி 6: மற்ற மருத்துவர்களுக்கும் சொல்லுங்கள்

பல் மருத்துவர் முதல் இதய மருத்துவர் வரை எல்லோருடைய குறிப்பிலும் இது ஏற வேண்டும். ரத்த அழுத்தத்துக்குப் பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர்களுக்கு அட்ரினலின் சரியாக வேலை செய்யாமல் போகலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் பேசுங்கள். 2024 பிப்ரவரியில் ஒமாலிசுமாப் என்ற ஊசியை உணவு அலர்ஜிக்கு அமெரிக்கா அனுமதித்தது. தெரியாமல் கொஞ்சம் உள்ளே போனால் வரும் பாதிப்பை அது குறைக்கும். அதைப் போட்டுக்கொண்டாலும் ஆகாத உணவைத் தவிர்க்கத்தான் வேண்டும், அவசரத்துக்கு அது உதவாது. உங்களுக்குப் பொருந்துமா என்பதை அடுத்த முறை பேனாவைப் புதுப்பிக்கப் போகும்போது கேட்டுக்கொள்ளலாம்.