ஒரு ரியாக்ஷன் செய்ய வேண்டும், எந்தப் புத்தகத்தைத் திறப்பது?

கரிம வேதியியல் லேபில், ஆல்கஹாலை ஆல்டிஹைடாக மாற்று என்று கைடு சொன்னதும் பெரும்பாலும் நாம் செய்வது, இணையத்தில் தேடி, முதலில் கிடைக்கும் பேப்பரைத் திறந்து, அதிலுள்ள நாலு வரி ப்ரொசீஜரை அப்படியே செய்து பார்ப்பதுதான். சில நாள் வேலை செய்யும். செய்யாத நாளில் தொகுப்பு நூல்கள் கைகொடுக்கும், ஆனால் எதில் எதைத் தேடுவது என்று தெரியாமல் போனால் ஒரு மதியமே வீணாகிவிடும்.

அதனால் முதலில் யோசிக்க வேண்டியது, உங்களுக்கு இப்போது தெரிந்தது எது என்பதை. எதிலிருந்து எதற்குப் போக வேண்டும் என்பது மட்டும் தெரியும், வழி தெரியாது என்றால் லாராக்கின் 'காம்ப்ரிஹென்சிவ் ஆர்கானிக் டிரான்ஸ்ஃபர்மேஷன்ஸ்' (முதல் பதிப்பு 1989). விளக்கம் என்று எதுவும் பெரிதாக இருக்காது, விளைபொருளின் வகைப்படி அடுக்கிய வினைகளும் ஜர்னல் குறிப்புகளும் பக்கம் பக்கமாகப் போகும், ஆல்டிஹைடு பகுதிக்குப் போய் ஆல்கஹாலிலிருந்து வரும் வழிகளை மட்டும் பாருங்கள். ரீஏஜென்ட் (வினையை நடத்தப் போடும் ரசாயனம்) பெயர் தெரியும், அதன் குணம் தெரியாது என்றால் 1967இல் தொடங்கிய ஃபீசரின் ரீஏஜென்ட் நூல் வரிசை, இல்லையென்றால் லியோ பாக்கெட் (Paquette) தொகுத்த ஈரோஸ் (EROS) என்ற ரீஏஜென்ட் கலைக்களஞ்சியம். எதில் கரையும், எப்படிச் சுத்தம் செய்வது, எப்படி வைத்துக்கொள்வது எல்லாம் ஈரோஸில் ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலேயே இருக்கும், பாட்டிலைத் திறப்பதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள். ரியாக்ஷனின் பெயரே தெரியுமா? 1942இலிருந்து வரும் 'ஆர்கானிக் ரியாக்ஷன்ஸ்' இருக்கிறது. அத்தியாயம் நூறு பக்கம் தாண்டினாலும் பயப்படாதீர்கள், எங்கெல்லாம் அந்த வினை சரிவராது என்று சொல்லும் பகுதியையும் கடைசி அட்டவணைகளில் உங்கள் மூலக்கூறுக்கு நெருக்கமான ஒன்றையும் பார்த்தால் போதும்.

பாதுகாப்புத் தொகுதி (மூலக்கூறின் ஒரு பகுதி வினைபுரியாதபடி தற்காலிகமாக மூடி வைக்கும் அணுக்கூட்டம்) போட வேண்டியிருந்தால் கிரீன் எழுதிய நூல்தான், வேறு யோசனையே வேண்டாம். போடுவதையும் எடுப்பதையும் எல்லோரும் படிக்கிறார்கள், பின்னால் இருக்கும் வினைத்திறன் அட்டவணைகளைத்தான் விட்டுவிடுகிறார்கள். அடுத்த மூன்று ஸ்டெப்பில் நீங்கள் போடப்போகும் ரீஏஜென்டுகளை அந்தத் தொகுதி தாங்குமா என்று அங்கே ஒரே எழுத்தில் போட்டிருப்பார்கள்.

சரி, வழி முடிவாகிவிட்டது, இனி ஃபிளாஸ்க்கை எடுக்க வேண்டும். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த 'ஆர்கானிக் சிந்தசீஸ்' என்ற செய்முறைத் தொகுதிகள். முதல் உலகப் போரில் ஜெர்மனியிலிருந்து ரசாயனங்கள் வருவது நின்றபோது இல்லினாய் பல்கலைக்கழகத்தில் அவற்றைத் தாங்களே தயாரிக்கத் தொடங்கினார்கள், அந்த அனுபவத்திலிருந்து 1921இல் முதல் தொகுதி வந்தது. அனுப்பப்படும் ஒவ்வொரு ப்ரொசீஜரையும் ஆசிரியர் குழுவில் ஒருவரின் லேபில் திரும்பச் செய்து பார்த்த பிறகுதான் அச்சிடுவார்கள், சரிபார்த்தவர்களின் பெயரும் கூடவே இருக்கும். இப்போது முழுவதும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

ஆனால் ப்ரொசீஜரை மட்டும் படித்துவிட்டு ஓடாதீர்கள், கீழே எண் போட்ட குறிப்புகளில்தான் உயிர் இருக்கிறது. 69ஆம் தொகுதி, 212ஆம் பக்கத்தில் டெம்போ (TEMPO) என்ற வினையூக்கியும் ப்ளீச்சும் வைத்து ஆல்கஹாலை ஆல்டிஹைடாக்கும் முறை இருக்கிறது. டெம்போ வெறும் 1 மோல் சதவீதம், கூடக் கொஞ்சம் பொட்டாசியம் புரோமைடு. நான் முதல் முறை செய்தபோது டிஎல்சியில் (வினை எவ்வளவு நடந்தது என்று புள்ளிகளாகக் காட்டும் மெல்லடுக்கு சோதனை) ஆல்கஹால் பாதி அப்படியே நின்றது, இரண்டு நாள் டெம்போவைச் சந்தேகப்பட்டு புதிதாக வாங்கக்கூடக் கேட்டுவிட்டேன். அப்புறம் குறிப்புகளை நிதானமாகப் படித்தால், ப்ளீச்சின் செறிவை டைட்ரேட் செய்து (தெரிந்த செறிவுள்ள கரைசலோடு வினைபுரிய வைத்து அளந்து) பார்க்க வேண்டும், சோடியம் பைகார்பனேட் போட்டு பிஎச் 9.5க்குக் கொண்டுவர வேண்டும் என்று இருக்கிறது. எங்கள் பாட்டில் வெயிலில் மாதக்கணக்கில் நின்றது, லேபிளில் இருந்த குளோரின் உள்ளே இல்லை. புது ப்ளீச்சை டைட்ரேட் செய்து போட்டதும் அரை மணி நேரத்துக்குள் ஆல்கஹால் புள்ளி மறைந்துவிட்டது.

ஜெர்மன் மொழியில் பெரிதாக வளர்ந்த ஹூபன்-வெய்ல் என்ற இன்னொரு தொகுப்பு 2000இலிருந்து 'சயன்ஸ் ஆஃப் சிந்தசிஸ்' என்று ஆங்கிலத்தில் வருகிறது. ஹெட்டிரோசைக்கிள் (வளையத்தில் கார்பனோடு வேறு அணுவும் உள்ள மூலக்கூறு) செய்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும், மற்றவர்களுக்கு அவசரத்துக்கு உதவாது.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். பழைய தொகுதிகளில் பென்சீனையும் கார்பன் டெட்ராகுளோரைடையும் தண்ணீர் மாதிரி ஊற்றியிருப்பார்கள், எச்சரிக்கை பெரும்பாலும் இருக்காது. அந்தக் கரைப்பானுக்குப் பதில் டொலுயீனோ வேறொன்றோ போட முடியுமா என்பதைப் புதிய பேப்பர்களில் தேடிவிட்டு, சின்ன அளவில் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு பெரிய அளவில் போடுங்கள்.