மாக்மாவின் மூன்றாவது ஆல்பத்தைக் கேட்பது எப்படி

கோபிப் பக்கம் கோயில் நோம்பிகளுக்கு மைக் செட் கட்டுவது என் தொழில். கூட வேலைக்கு வரும் பசங்களுக்கு அவ்வப்போது வெளிநாட்டுப் பாட்டு போட்டுக் காட்டுவேன். மாக்மா என்ற பிரெஞ்சு குழு 1973-இல் வெளியிட்ட மூன்றாவது ஆல்பம் 'மெக்கானிக் டெஸ்ட்ரக்டிவ் கொமண்டோ' வந்தால் மட்டும் இரண்டு நிமிஷத்தில் நிறுத்தச் சொல்கிறார்கள். "ஏனுங்ணா, சண்டைக்கு ஆள் கூட்டிட்டுப் போற மாதிரியே கத்தறாங்க?" சரியாகத்தான் பிடித்திருக்கிறார்கள். அது படையெடுப்புதான். ஆனால் அதைக் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது.

முதலில் ஃபோனில் ஷஃபிளை அணைத்துவிடுங்கள். ஒரு பாட்டின் முடிவில் அடுத்ததைக் கலந்துவிடும் கிராஸ்ஃபேடையும்தான். ஏழு துண்டுகளாகப் பெயர் போட்டிருந்தாலும் மொத்தமும் ஒரே ஓட்டம், 39 நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவு. அப்புறம், பேஸைக் கூட்டாதீர்கள். நம்ம ஊரில் யார் கையில் ஆம்ப்ளிஃபையர் கிடைத்தாலும் முதலில் அந்தத் திருகைத்தான் கடைசி வரை முறுக்குவார்கள். இதில் பேஸ் கிடார் வாசிக்கும் ஜானிக் டாப் செல்லோ படித்தவர். அவருடைய கம்பி உறுமுவது நடு ஒலியில். கீழ் ஒலியை ஏற்றினால் உறுமல் குழைந்து, பெண்களின் கோரஸ் அதற்குள் முங்கிவிடும். எல்லாத் திருகும் நடுவில் நிற்கட்டும்.

கதையைச் சுருக்கமாகத் தெரிந்துகொண்டால் போதும். பூமியை விட்டுப் போன சிலர் கொபாயா என்ற கிரகத்தில் குடியேறுகிறார்கள். அது 1970-இல் வந்த முதல் ஆல்பத்தின் கதை. இந்த ஆல்பத்தில், நெபேர் குடாட் என்ற தீர்க்கதரிசி பூமியில் இருப்பவர்களைப் பார்த்து, திருந்தாவிட்டால் அழிவுதான் என்கிறான். கோபத்தில் ஜனங்கள் அவனை எதிர்த்துக் கிளம்புகிறார்கள், நடக்க நடக்க மனம் மாறுகிறார்கள். எல்லாம் கொபாயன் மொழியில்தான். குழுவை ஆரம்பித்த டிரம்மர் கிறிஸ்டியன் வாண்டர் தானே உண்டாக்கிய மொழி அது. வரிகளுக்கு அர்த்தம் தேடி உட்காராதீர்கள், தாளம் கையைவிட்டுப் போய்விடும்.

வள்ளி கும்மி ஆடியவர்களுக்கு இது சுலபம் என்பது என் கணக்கு. ஆசிரியர் ஒரு அடி பாடுவார், வட்டம் திருப்பிப் பாடும், அதே அடி வேகம் ஏறி ஏறி வரும், காலும் கூடவே மாறும். முதல் துண்டின் ஒன்பதரை நிமிஷத்தையும் அப்படித்தான் கேட்க வேண்டும். பியானோவும் பேஸும் ஒரே அடியை இடித்துக்கொண்டிருக்க, கிளாஸ் பிளாஸ்கிஸின் குரல் பிரசங்கம் செய்யும், கோரஸ் பதில் சொல்லும். மெட்டு எப்போது மாறும் என்று காத்திருந்தால் சலித்துப்போகும். கோரஸில் யார் புதிதாகச் சேர்கிறார்கள், ஊதுகருவிகள் எங்கே நுழைகின்றன, வாண்டர் சிம்பலை எப்போது தட்டுகிறார், இதையெல்லாம் கவனியுங்கள். அமெரிக்க ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் என்றால் வாண்டருக்கு உயிர். அந்த ஜாஸ் பித்து கையில் தெரியும், மேலே ஓடும் பாட்டு ஜாஸாகவே இருக்காது.

இரண்டாவதும் மூன்றாவதும் தானாக ஓடிவிடும். நான்காவது துண்டு வந்ததும் உட்கார்ந்து கேளுங்கள், இசைத்தட்டில் இரண்டாம் பக்கம் இங்கேதான் ஆரம்பம். ஐந்தாவதில் ஒரு குரல் அலறலாகவே மாறும். ஹெட்ஃபோன் போட்டிருந்தால் முன்கூட்டியே சத்தத்தைக் குறைத்துக்கொள்வது நல்லது. வீட்டில் பெரியவர்கள் தூங்கினால் ஸ்பீக்கரே வேண்டாம்.

பிடித்துப்போனால் அடுத்து முதல் ஆல்பத்துக்குப் போகாதீர்கள். கதை அங்கே தொடங்கினாலும் இசை வேறு வழியில் போகிறது. 1975-இல் வந்த நேரடிக் கச்சேரிப் பதிவை எடுங்கள். இந்த ஆல்பத்தின் பகுதி அதில் 'மெக்கானிக் சைன்' என்ற பெயரில் வரும், டிடியே லாக்வுட்டின் வயலினோடு. அதற்கு மட்டும் சத்தத்தைக் கொஞ்சம் தூக்கி வைக்கலாம்.