பிளாக்ஜாக்: கண் டீலரின் சீட்டில் இருக்கட்டும்

காசினோ சீட்டாட்டமான பிளாக்ஜாக் என்றால் சீட்டுகளின் கூட்டுத்தொகை 21-ஐ எட்டுவது என்றுதான் பலரும் சொல்லித் தருவார்கள். அது பாதிதான் சரி. உங்களுக்கு வேண்டியது டீலரை, அதாவது காசினோ சார்பில் சீட்டுப் போடுபவரை, வெல்வது: 21-ஐத் தாண்டாமல் அவரைவிட அதிகம் வைத்திருப்பது. கையில் வெறும் 13-ஐ வைத்துக்கொண்டுகூட வெல்லலாம், டீலர் 21-ஐத் தாண்டிவிட்டால். பக்கத்தில் இன்னும் நாலு பேர் உட்கார்ந்திருந்தாலும் ஒவ்வொருவரும் டீலரோடு மட்டும்தான் ஆடுகிறார்கள்.

முதலில் மதிப்பு. 2 முதல் 10 வரை எண் என்னவோ அதுவே. ஜாக்கி, ராணி, ராஜா மூன்றும் 10. ஏஸ் 1 அல்லது 11, எது உங்களுக்குத் தோதோ அது. ரம்மி ஆடிப் பழகியவர்களுக்குக் கண் தானாக இஸ்பேடா, ஆர்ட்டினா என்று தேடும். இங்கே அதற்கு வேலையே இல்லை.

சரி, ஆட்டம். பந்தயத்தை உங்கள் வட்டத்தில் வைத்ததும் உங்களுக்கு இரண்டு சீட்டு, டீலருக்கு இரண்டு. டீலருடையதில் ஒன்று மட்டும் திறந்திருக்கும். முதல் இரண்டிலேயே ஏஸும் 10 மதிப்புள்ள ஒரு சீட்டும் விழுந்தால் அதுதான் பிளாக்ஜாக், சராசரியாக 21 கைக்கு ஒருமுறை வரும். வராவிட்டால் இன்னொரு சீட்டு கேட்கலாம் (ஹிட்) அல்லது போதும் என்று நிறுத்தலாம் (ஸ்டாண்ட்). 21-ஐத் தாண்டினால் பணம் அந்த நொடியே போச்சு, அப்புறம் டீலரும் தாண்டினாலும் திரும்ப வராது. காசினோவுக்கு லாபம் வருவதே முக்கியமாக இந்த இடத்தில்தான். இருவருக்கும் ஒரே எண் என்றால் பந்தயம் உங்களுக்கே திரும்பும்.

டீலருக்குச் சொந்த முடிவு என்று எதுவும் கிடையாது. 16 வரை இழுத்தே ஆக வேண்டும், 17 வந்தால் நிறுத்த வேண்டும் (ஏஸை 11-ஆக எண்ணி வந்த 17 என்றால் மட்டும் பல மேஜைகளில் இன்னொன்று இழுப்பார்). அதனால்தான் அவர் திறந்து வைத்த சீட்டு உங்களுக்கு இவ்வளவு சொல்கிறது: 6 என்றால் பத்தில் நாலு தடவைக்குமேல் தாண்டிவிடுவார், 10 என்றால் அதில் பாதிதான். ஆகவே உங்களிடம் (ஏஸை 11-ஆக எண்ணாமல்) 13 முதல் 16 வரை இருந்து அவர் 2 முதல் 6 வரை எதையாவது காட்டினால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள், விழுவது அவராக இருக்கட்டும். 7 அல்லது அதற்குமேல் காட்டினால் பயமாக இருந்தாலும் கேட்டே ஆக வேண்டும். 16-ஐ வைத்துக்கொண்டு 10-க்கு எதிரே சீட்டு கேட்பது வயிற்றைப் பிசையும்தான், ஆனாலும் நிறுத்துவதைவிடக் கொஞ்சம் குறைவாகவே தோற்பீர்கள். இந்தக் கணக்கை அமெரிக்க ராணுவத்தில் இருந்த நான்கு பேர் மேஜைக் கால்குலேட்டரில் போட்டு 1956-இல் வெளியிட்டார்கள். பெரும்பாலும் இன்றும் அதேதான்.

11 வந்தால் அநேகமாக எப்போதும் டபுள்: பந்தயத்தை இரட்டிப்பாக்கி ஒரே ஒரு சீட்டு வாங்குவது. ஜோடி வந்தால் பிரித்து இரண்டு கையாக ஆடலாம். ஏஸையும் எட்டையும் பிரியுங்கள், பத்தைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள், 20-ஐ உடைப்பது வெறும் பேராசை. டீலர் ஏஸ் காட்டிவிட்டு ‘இன்ஷூரன்ஸ் வேண்டுமா’ என்பார். வேண்டாம். பெயர்தான் காப்பீடு, உண்மையில் அது டீலருக்குப் பிளாக்ஜாக் இருக்கும் என்று கட்டும், காசினோவுக்குச் சாதகமான ஒரு தனிப் பந்தயம்.

உட்காருவதற்கு முன் மேஜை விரிப்பில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். பிளாக்ஜாக்குக்கு ‘3 to 2’ (2-க்கு 3) என்றால் 10 டாலருக்கு 15 கிடைக்கும், ‘6 to 5’ (5-க்கு 6) என்றால் 12-தான். லாஸ் வேகாஸில் இந்த இரண்டாவது வகை இப்போது நிறையவே இருக்கிறது, பார்த்தால் எழுந்து அடுத்த மேஜைக்குப் போய்விடுங்கள்.

அங்கே வாயால் சொன்னால் மட்டும் போதாது, மேலே இருக்கும் கேமராவுக்காகச் சைகை வேண்டும்: சீட்டு வேண்டுமென்றால் மேஜையை விரலால் தட்டுங்கள், வேண்டாமென்றால் உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து ஆட்டுங்கள். பந்தயம் கட்டும் சில்லுக்கான பணத்தையும் டீலர் கையில் கொடுக்கக் கூடாது, மேஜைமேல் வைத்தால் அவரே எடுத்துக்கொள்வார்.