பழைய வீட்டுக்கு கீசர்: எத்தனை லிட்டர் வேண்டும், எங்கே மாட்டுவது

கடையில் போய் "வீட்டில் நாலு பேர்" என்று சொன்னதுமே 25 லிட்டர் கீசரைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். திருநெல்வேலிப் பக்கம் அது பெரும்பாலான வீடுகளுக்குத் தேவையில்லை. நம் ஊரில் மார்கழி விடியற்காலையில்கூட தொட்டித் தண்ணீர் ஏறக்குறைய 25 டிகிரியில்தான் இருக்கும், குளிக்க வேண்டியது 40 டிகிரி, கீசருக்குள் இருப்பது 60 டிகிரி. கணக்குப் போட்டால் 20 லிட்டர் வாளிக்கு எட்டரை லிட்டர் வெந்நீர் போதும், மிச்சம் பச்சைத் தண்ணீர். குழாயில் 10 டிகிரித் தண்ணீர் வரும் குளிர் ஊர்க்காரருக்கு அதே வாளிக்கு 12 லிட்டர் வேண்டும். அவருடைய கணக்கை நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்?

வாளியில் மொண்டு குளிக்கும் வீட்டுக்கு 15 லிட்டர் தாராளம். 2 கிலோவாட் கீசர் முழுத் தொட்டியையும் சூடாக்க 18 நிமிடம், ஒருவர் குளித்து முடித்தபின் குறைந்ததை ஈடுகட்ட சுமார் 10 நிமிடம். நாலு பேருக்கு ஆளுக்கொரு வாளி என்றால் நாளுக்கு ஒன்றரை யூனிட்டை ஒட்டி வரும், மின்வாரியத்தின் இரண்டு மாதக் கணக்கில் 85, 90 யூனிட். ஷவருக்கு அடியில் கால்மணி நேரம் நிற்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் மட்டும் 25 லிட்டரைப் பற்றி யோசியுங்கள்.

தண்ணீரைச் சேர்த்து வைக்காமல் ஓட ஓடச் சூடாக்கும் 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசரும் இங்கே ஒத்துவரும். 15 டிகிரிதான் ஏற்ற வேண்டும் என்பதால் நிமிடத்துக்கு 3 லிட்டர் அளவுக்குத் தரும், ஒரு வாளி நிறைய ஏழு நிமிடம். ஆனால் அது 13 ஆம்பியர் இழுக்கும், பழைய வீட்டில் தகராறே அங்கேதான்.

கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் அக்கிரகார வீடுகளைப் பார்த்திருப்பீர்கள், முன்பக்கம் குறுகல், உள்ளே போகப் போக நீளம். மீட்டர் திண்ணையில் இருக்கும், குளியலறை கிணற்றடிப் பக்கம், நடுவில் 30 மீட்டர் வயர். விளக்குக்கும் ஃபேனுக்கும் போட்ட 1 சதுர மில்லிமீட்டர் வயரிலேயே இன்ஸ்டன்ட் கீசரைக் கொடுத்தால் வழியிலேயே 14 வோல்ட் போய்விடும், கிட்டத்தட்ட 180 வாட் சுவருக்குள் சூடாக இறங்கும், அதுவும் பழைய மரக் கேசிங்குக்குள் ஓடுகிற வயர் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் கீசர் எதுவானாலும் போர்டிலிருந்து தனி லைன் இழுங்கள், 2 கிலோவாட்டுக்கு 2.5, 3 கிலோவாட்டுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், கரண்டு அளவு மீறினால் தானே அணையும் தனி எம்சிபி சுவிட்ச், கரண்டு கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி. எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பல வீடுகளில் எர்த் வயர் சுவரோடு முடிந்துவிடும், மண்ணுக்குப் போயிருக்காது. கிணற்றடியில் ஈரமான இடத்தில் புதிதாக ஒரு எர்த் குழி போடுவது நல்லது. இணைப்புக்கு வாங்கியிருக்கும் லோடு (அனுமதித்த மின்சுமை) ஒரு கிலோவாட் மட்டும் என்றால் மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம் சுவர். 15 லிட்டர் கீசர் தண்ணீரோடு 25 கிலோவை ஒட்டி வரும். சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் இணைப்பில் துளை போட்டால் ஆங்கர் போல்ட் பொடியோடு கையில் வந்துவிடும். பூச்சைக் கொஞ்சம் சுரண்டி, செங்கல்லின் நடுவில் துளையிடச் சொல்லுங்கள். மண்சுவர் என்றால் அதில் தொங்கவிடவே வேண்டாம், தரையிலிருந்து இரும்பு ஆங்கிளில் ஸ்டாண்டு அடித்து அதில் நிறுத்துங்கள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது லிட்டரைவிட முக்கியம். தாமிரபரணித் தண்ணீர் வரும் வீட்டுக்கு எந்த கீசரும் வருஷக்கணக்கில் உழைக்கும். ராதாபுரம், நாங்குநேரிப் பக்கம் உப்பான போர்த் தண்ணீர் என்றால் ஹீட்டர் கம்பியில் வெள்ளைச் சுண்ணாம்பு ஓடு படியும், கீசர் கொதிக்கிற கெட்டில் மாதிரி முனகும், தண்ணீர் சூடாக நேரம் பிடிக்கும். அங்கே கண்ணாடிப் பூச்சு உள்ள தொட்டி வாங்குங்கள், வெப்பத்தை 55 டிகிரிக்கு இறக்குங்கள் (சூடு கூடக் கூடச் சுண்ணாம்பும் வேகமாகப் படியும்), வருஷத்துக்கு ஒரு தடவை கழற்றிச் சுத்தம் செய்து தொட்டி துருப்பிடிக்காமல் தான் கரைந்து காக்கும் மக்னீசியம் ஆனோடு கம்பி தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். வாங்கும்போதே ஸ்டார் எண்ணிக்கையையும் கவனியுங்கள், சும்மா இருக்கும்போது எவ்வளவு சூட்டை இழக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது.

சோலாரைப் பற்றிக் கேட்பீர்கள். வெயிலுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை, ஆனால் வெந்நீர் அதிகம் வேண்டிய ஐப்பசி கார்த்திகை மழையிலும், தென்காசிப் பக்கத்து ஆனி ஆடிச் சாரலிலும்தான் அது கைவிடும், கூடவே ஒரு மின்சார ஹீட்டரும் இருக்க வேண்டியிருக்கும். 200 லிட்டர் சோலார் தண்ணீரோடு கால் டன்னைத் தாண்டும். மெட்ராஸ் டெரஸ் (மரக் கட்டைகள்மேல் செங்கல் அடுக்கிய பழைய கூரை) போட்ட தட்டட்டியில் உத்தரக் கட்டைகளுக்கு நடுவில் வைக்காதீர்கள், சுவருக்கு மேலே கால்கள் விழும்படி வையுங்கள், பணகுடி, வள்ளியூர்க் காற்றுக்கு போல்ட் போட்டுக் கட்டுங்கள். ஓட்டு வீட்டுக்கு என் யோசனை, வேண்டாம். மாடியிலிருந்து கிணற்றடிக்குக் குழாய் நீளமாகப் போனால் முதலில் சில லிட்டர் பச்சைத் தண்ணீர்தான் கொட்டும். வெந்நீர்க் குழாய் சூடு தாங்கும் சிபிவிசியாக இருக்கட்டும், சாதாரண பிவிசி நெளிந்துவிடும்.

காஸ் கீசர் வேகமானதுதான். குளியலறைக்குள் மட்டும் வைக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாமல் ஆளைச் சாய்த்துவிடும். பின்கட்டில் திறந்தவெளிச் சுவர் இருந்தால் அதில் மாட்டலாம், தொட்டி உயரம் போதாமல் தண்ணீர் மெதுவாக வந்தால் அது பற்றவே பற்றாது.

கிணற்றடியில் பழைய செப்பு பாய்லர் கிடந்தால் பாத்திரக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கதம்பையும் சிரட்டையும் போட்டால் கரண்டு இல்லாத மழை நாளில் வீட்டுக்கே வெந்நீர் தரும். தண்ணீர் நிரப்பாமல் மட்டும் தீ மூட்டக்கூடாது, ஈயப் பற்று உருகி ஒழுக ஆரம்பித்துவிடும்.

கீசரை மாட்டி முடித்ததும் வெந்நீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும். பக்கத்தில் உள்ள பாதுகாப்பு வால்வில் சூடாகும்போது சொட்டுச் சொட்டாக விழும், அது கோளாறு இல்லை. ஒழுகுகிறதே என்று பிளக் போட்டு அடைக்கிற பிளம்பரைக் கண்டால் தடுத்துவிடுங்கள்.