மக்காச்சோளத்தில் களைக்கொல்லி: முதலில் ஈரம், அப்புறம் மருந்து

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துச் செம்மண்ணில் மழையை நம்பி மக்காச்சோளம் போடுகிறீர்களா? முதல் 40 நாள் களையை அடக்கிவிட்டால் போதும், பிறகு பயிரே நிழல் கட்டிக்கொள்ளும்.

முதல் வேலை தண்ணீர்க் கணக்கு. "டேங்குக்கு ரெண்டு மூடி" என்ற பேச்சை நம்ப வேண்டாம். 16 லிட்டர் ஸ்பிரேயரில் வெறும் தண்ணீர் ஊற்றி, வழக்கமான நடையில் 10 சென்ட் அடித்துப் பாருங்கள். ஒரு டேங்கும் அடுத்ததில் கால் டேங்கும் செலவானால் ஏக்கருக்குப் பன்னிரண்டரை டேங்க், அதாவது 200 லிட்டர். பூச்சிமருந்து அடிக்கிற கூம்பு நாசிலைக் கழற்றிவிட்டு, விசிறி போல விரியும் தட்டை நாசிலை மாட்டுங்கள். கண்மாய்த் தண்ணீரைப் பழைய வேட்டியில் வடிகட்டாவிட்டால் நாசில் குத்தியே பொழுது போய்விடும்.

விதைத்த மூன்று நாளுக்குள், களை முளைக்கும் முன்பே, அட்ரசின் என்ற களைக்கொல்லி 50 சதவீதத் தூள், ஏக்கருக்கு 500 கிராம். மேலே சொன்ன கணக்குப்படி டேங்குக்கு 40 கிராம். முதலில் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கரைத்துக்கொண்டு பிறகு டேங்கில் ஊற்றுங்கள். அடித்த இடத்தை மிதிக்காமல் பின்னோக்கி நடக்க வேண்டும்.

மண்ணில் ஈரம் கட்டாயம். முளைக்கிற களை விதை இருக்கும் ஆழத்துக்கு மருந்தைக் கொண்டுபோவது அந்த ஈரம்தான். நான் முதல் வருஷம் இதில்தான் கோட்டைவிட்டேன். இன்றைக்கு நாளைக்கு மழை வந்துவிடும் என்று காய்ந்த மண்ணில் அடித்தேன். ஐப்பசி மழை பத்து நாள் தள்ளிப்போனது. சாரணைக் களை பாய் விரித்த மாதிரி வந்தது. ஆள் விட்டுக் கொத்தியதில் மருந்துச் செலவும் போச்சு, கூலியும் போச்சு.

ஊடுபயிராக உளுந்தோ தட்டைப்பயறோ இருந்தால் அட்ரசின் பக்கமே போகாதீர்கள். மக்காச்சோளம் அதைத் தன் உடம்புக்குள் முறித்துக்கொள்ளும், பயறுக்கு அந்தச் சக்தி இல்லை. அங்கே பெண்டிமெத்தலின் 30 சதவீதம், ஏக்கருக்கு ஒரு லிட்டர்.

சரி, இதையும் மீறி முளைத்தால்? 20 நாள் வாக்கில், களை மூன்று நான்கு இலையில் இருக்கும்போது டெம்போட்ரையோன் 34.4 சதவீதம், ஏக்கருக்கு 115 மில்லி, கூடவே தருகிற ஒட்டும் திரவத்தையும் சேர்த்து அடியுங்கள். களை வெள்ளையாக வெளுத்துப்போய்ச் சாகும். கோரைக்கு இதை நம்ப வேண்டாம். ஹாலோசல்ஃபியூரான் 75 சதவீதம், ஏக்கருக்கு 36 கிராம். கோரை மஞ்சளாகிக் காய இரண்டு மூன்று வாரம் ஆகும், அவசரப்பட்டு மறுபடி அடிக்காதீர்கள். பயறு ஊடுபயிர் இருக்கிற வயலில் இந்த இரண்டும் கூடாது, களைக்கொத்துதான் வழி.

காற்றில்லாத காலை நேரம், கையுறை, முகத்துக்குத் துணி. முடிந்ததும் ஸ்பிரேயரைச் சோப்புத் தண்ணீர் விட்டு மூன்று தடவை கழுவுங்கள். அடுத்த வாரம் அதே டேங்கில்தானே மிளகாய்க்கு மருந்து அடிக்கப்போகிறீர்கள்!