மின்வேலைக்கு மல்டிமீட்டர் வாங்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

சென்னை ரிச்சி தெருவில் மல்டிமீட்டர் கேட்டால் பெரும்பாலும் முதலில் கைக்கு வருவது மஞ்சள் நிற டிடி-830 வகைதான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ரேடியோ, ரிமோட், பொம்மை கார், பேட்டரி என்று சின்ன வேலைகளுக்கு நன்றாகவே உழைக்கும். நான் தொழில் பழகியதே அதில்தான். ஆனால் அதே மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டு மெயின் போர்டைத் திறக்கிறோமே, அதுதான் பெரிய தவறு.

நானும் அதைச் செய்தேன். ஒரு பேட்டரி சார்ஜரின் கரண்டைப் பார்த்துவிட்டு, சிவப்பு வயரைப் பத்து ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டேன். அடுத்து பிளக் பாயிண்டில் வோல்ட்டேஜ் பார்க்கலாம் என்று வயர் முனையில் உள்ள புரோபை, அதாவது உலோக ஊசியை, நுழைத்தேன். அந்தத் துளைக்கும் கருப்பு வயர்த் துளைக்கும் நடுவே மீட்டருக்குள் இருப்பது ஒரு தடித்த கம்பித் துண்டு மட்டுமே. டயல் வோல்ட்டில் இருந்தாலும் பயனில்லை. பேஸையும் நியூட்ரலையும் என் கையாலேயே ஷார்ட் செய்துவிட்டேன். புரோப் முனை உருகியது, எம்சிபி விழுந்தது, விரலில் கொப்புளம். அப்புறம் நிதானமாகப் பார்த்தால், அந்தத் துளைக்குப் பக்கத்திலேயே 'ஃபியூஸ் இல்லை' என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறது.

அதனால் எந்த மீட்டரை எடுத்தாலும் நான் முதலில் கேட்பது ஃபியூஸைப் பற்றித்தான். கரண்ட் அளக்கும் துளை எத்தனை இருக்கிறதோ அத்தனைக்கும் ஃபியூஸ் வேண்டும். அதுவும் கண்ணாடிக் குழாய் ஃபியூஸ் போதாது. ஷார்ட் ஆகும்போது பாயும் கரண்டில் கண்ணாடி வெடித்து, உள்ளேயே தீப்பொறி தொடர்ந்து எரியலாம். நல்ல மீட்டர்களில் பீங்கான் உடம்புக்குள் மணல் நிரப்பிய எச்ஆர்சி ஃபியூஸ் இருக்கும். பொறியின் சூட்டை மணல் உறிஞ்சிக்கொண்டு உருகி, அந்தப் பாதையையே அடைத்துவிடும். அந்த ஃபியூஸின் மேல் 600 அல்லது 1000 வோல்ட் என்று எழுதியிருக்கும். முகப்பில் 600 வோல்ட் என்று போட்டுவிட்டு உள்ளே 250 வோல்ட் கண்ணாடி ஃபியூஸ் வைத்திருந்தால், முகப்பில் உள்ளதை நம்ப வேண்டாம். பின்மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

அடுத்த தவறு, 'ஆயிரம் வோல்ட் வரை தாங்கும்' என்ற ஒரே எண்ணைப் பார்த்து வாங்குவது. நம் வீட்டில் 230 வோல்ட்தானே, 1000 இருந்தால் தாராளம் என்று தோன்றும். மீட்டரைக் கொல்வது அந்த 230 இல்லை. பக்கத்தில் இடி விழும்போதும், பெரிய மோட்டார் நிற்கும்போதும் லைனில் நொடியின் மிகச் சிறு பங்குக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் எகிறும். அந்த நேரத்தில் உங்கள் புரோப் லைனில் இருந்தால் மீட்டருக்குள் பொறி தாவும். அப்புறம் அந்தப் பொறி வழியே லைனின் முழுக் கரண்டும் பாயும்.

இதற்காகத்தான் ஐஇசி 61010 என்ற சர்வதேசப் பாதுகாப்புத் தரத்தில் 'கேட்' என்ற பிரிவு இருக்கிறது. துளைகளுக்குப் பக்கத்தில் ரோமன் எண்ணோடு அச்சிட்டிருப்பார்கள். கேட்-2 என்பது பிளக்கில் செருகும் சாமான்களுக்கு. எம்சிபிகள் இருக்கும் டிபி பாக்ஸ், வீட்டு வயரிங், நிலையாகப் பொருத்திய மோட்டார் ஆகியவற்றுக்குக் கேட்-3. ஈபி மீட்டர், கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயர் என்றால் கேட்-4. மூலத்தை நெருங்க நெருங்கப் பாயக்கூடிய கரண்ட் கூடும் என்பதுதான் கணக்கு. கேட்-2 1000 வோல்ட் மீட்டரையும் கேட்-3 600 வோல்ட் மீட்டரையும் ஒரே 6000 வோல்ட் அதிர்ச்சி கொடுத்துத்தான் சோதிக்கிறார்கள். ஆனால் முன்னதில் நடுவே 12 ஓம் தடை, பின்னதில் வெறும் 2 ஓம். வகுத்துப் பாருங்கள்: 500 ஆம்பியர், 3000 ஆம்பியர். எண்ணில் சிறியதாகத் தெரியும் 600 வோல்ட் மீட்டர் ஆறு மடங்கு கரண்டுக்கு எதிரே நிற்கிறது. வீட்டு வயரிங் வேலைக்குக் கேட்-3 600 வோல்ட்டுக்குக் கீழே இறங்காதீர்கள்.

இதையும் யார் வேண்டுமானாலும் அச்சடித்துவிடலாம் என்பது உண்மைதான். சிஇ முத்திரை பெரும்பாலும் தயாரிப்பாளரே கொடுத்துக்கொள்ளும் உறுதிமொழி. யுஎல், டியூவி, சிஎஸ்ஏ போன்ற வெளி ஆய்வகங்களின் முத்திரைக்கு மதிப்பு அதிகம். அதையும் போலியாகப் போடுகிறவர்கள் உண்டு. எனவே அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குங்கள்.

புரோப் வயரை யாரும் கவனிப்பதில்லை. மீட்டர் கேட்-3 ஆக இருந்து வயர் தெருவோரத்தில் வாங்கியது என்றால், அந்தப் பாதுகாப்பு வயரோடு முடிந்தது. வயரிலும் கேட் எண் இருக்க வேண்டும். கேட்-3, கேட்-4 இடங்களுக்கான புரோபில் வெளியே தெரியும் உலோகம் நான்கு மில்லிமீட்டருக்கு மேல் இருக்காது. நெருக்கமான டிபி பாக்ஸில் பேஸையும் நியூட்ரலையும் ஒரே முனை தொட்டுவிடாமல் இருக்கத்தான் அந்த அளவு.

சரி, மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்க்க மல்டிமீட்டர் வேண்டாமா? வேண்டாம். லைனை அறுத்து நடுவே மீட்டரைக் கோக்கும் வேலையை எலக்ட்ரானிக்ஸ் மேசையோடு விட்டுவிடுங்கள். மெயின் லைனுக்கு டாங் டெஸ்டர்தான் சரி. வயரைத் தொடாமலே, சுற்றிக் கவ்விப் பார்த்துவிடலாம். ஒரு வயரை மட்டும் கவ்வ வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் பூஜ்யம் காட்டும். வயரிங் வேலை மட்டும் பார்ப்பவருக்குக் கரண்ட் துளையே இல்லாத மல்டிமீட்டரும் ஒரு டாங் டெஸ்டரும் நல்ல ஜோடி என்பேன். துளை இல்லையென்றால் எனக்கு நடந்தது யாருக்கும் நடக்காது.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் 'ட்ரூ ஆர்எம்எஸ்' என்ற சொல்லைத் தேடுங்கள். அலை எந்த வடிவில் வந்தாலும் உண்மையான அளவைக் காட்டும் மீட்டர் என்று அதற்குப் பொருள். சாதாரண மீட்டர், வருவது சுத்தமான சைன் அலை என்று எண்ணிக்கொண்டு, சராசரியை 1.11 ஆல் பெருக்கிக் காட்டும். சதுர அலை இன்வெர்ட்டர் சரியாக 230 வோல்ட் கொடுத்தாலும் அதில் 255 என்று தெரியும். நல்ல இன்வெர்ட்டரைக் கோளாறு என்று கழற்றிவிடுவோம். டிம்மரிலும், மோட்டார் வேகத்தை மாற்றும் விஎஃப்டியிலும் தவறு எதிர்ப்பக்கமாக, குறைத்துக் காட்டுவதாகவும் போகும். ஓவர்லோடு தெரியாமலே போவது அப்படித்தான்.

ஆஃப் செய்த வயரில் மீட்டர் 70, 90 வோல்ட் காட்டுகிறது என்று குழம்பாத எலக்ட்ரீஷியன் இருக்க மாட்டார். பக்கத்தில் ஓடும் பேஸ் வயரிலிருந்து தொற்றி வருவது அது. டிஜிட்டல் மீட்டரின் உள்தடை சுமார் பத்து மெகா ஓம் என்பதால் அந்தச் சொற்பக் கசிவும் வோல்ட்டாகத் தெரியும். உள்தடையைக் குறைத்து அளக்கும் லோ-இசட் வசதி உள்ள மீட்டரில் அது காணாமல் போகும். அந்த வசதி இல்லையென்றால் டெஸ்ட் லேம்ப் போட்டுப் பாருங்கள். கசிவு மட்டும் என்றால் எரியாது. ஆனால் காட்டும் வோல்ட்டைக் 'கசிவுதான்' என்று யூகித்து ஒருநாளும் கையை வைக்காதீர்கள்.

மற்றவை எல்லாம் அவரவர் வேலையைப் பொறுத்தது. திரை எத்தனை எண் வரை காட்டும் என்ற கணக்கு, அதாவது 2000 கவுண்டா 6000 கவுண்டா என்பது, வயரிங் வேலைக்குப் பெரிய விஷயமில்லை. ஃபேன் கண்டென்சர் பார்க்க 20 மைக்ரோஃபாரட் வரை இருந்தால் போதும். போர் மோட்டார் பேனலில் உள்ள ஸ்டார்ட்டிங் கண்டென்சருக்கு 200க்கு மேல் அளக்கும் மீட்டர் நல்லது. எந்தக் கண்டென்சரையும் சார்ஜ் இறக்கிய பிறகே மீட்டரில் வையுங்கள்.

கடையை விட்டு வெளியே வருவதற்குள் ஒரு காரியம் செய்யுங்கள். ஓம் நிலையில் இரண்டு புரோபையும் ஒன்றோடொன்று தொட்டுப் பிடித்து, துளைக்குப் பக்கத்தில் வயரை ஆட்டிப் பாருங்கள். அரை ஓமுக்குள் அசையாமல் நிற்க வேண்டும். எண் குதித்தால் அந்த வயரையோ மீட்டரையோ அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள். வயர் அறுபடாமல் இருக்கிறதா என்று ஒலியால் சொல்லும் பஸ்ஸரும் தொட்ட உடனே கத்த வேண்டும். யோசித்துவிட்டுக் கத்தும் மீட்டரோடு இருபது வயரைத் தேடிப் பிரிப்பது பெரும்பாடு.